எதைக் கொண்டு திறப்பது?

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.
வீட்டுக்கு ஒரே கணினி, மூன்று பேர்,
அதுவும் சமையலறையில்,
காஸ் அடுப்பின் அனல் எட்டுகிற மூலையில்.

சனி இரவு மகன் சீரோ
ஏதோ ஒரு புதுப் பிளேயரை இறக்கினான்.
எல்லாவற்றையும் இனி நானே திறக்கட்டுமா என்று
அது மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறது.
வாசிக்காமலே ஆம், ஆம், ஆம் என்று அழுத்திவிட்டுத்
தூங்கப் போய்விட்டான்.
பதினைந்து வயதின் கையெழுத்து அது.

காலையில் அன்செல்மோ
நீரேற்ற அட்டவணையைத் தட்டினால்
கறுப்புத் திரை விரிந்து
இந்தப் பாட்டை இயக்க முடியவில்லை என்கிறது.
இருபது வருடம் படகு ஓட்டியவன்
கடல் ஏறுமா இறங்குமா என்று
ஒரு பாட்டுப்பெட்டியிடம் கேட்டு நிற்கிறான்.
நெலிடா வேலை செய்கிற கால்நடை மருத்துவமனையின் ரசீதுகள்,
வரிக் கணக்கு, மாமியாரின் எக்ஸ்ரே,
எல்லாமே ஆரஞ்சு முக்கோணம் குத்திக்கொண்டு
ஒரே பள்ளிச் சீருடையில் நிற்கின்றன.

நம் மொழியில் வினையின் வால் சொல்லிவிடும்
வந்தது அவனா அவளா அதுவா என்று.
அங்கேயும் அப்படித்தான்.
பெயர், ஒரு புள்ளி, மூன்றெழுத்து விகுதி.
விகுதியைப் பார்த்துத்தான் கணினி ஆளைக் கூப்பிடும்.
கூப்பிட்ட இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால்
விகுதி என்ன செய்யும், பாவம்.

மாத்தே குவளையோடு நெலிடா உட்கார்ந்தாள்.
அமைப்புகள், இயல்புநிலைச் செயலிகள்,
கோப்பு வகைப்படி.
இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது பட்டியல்,
அவள் வாழ்நாளில் கேள்விப்படாத வால்களெல்லாம்.
பந்தி முடிந்த வாசலில் செருப்புத் தேடுகிறவளைப் போல
ஒவ்வொன்றாய்ப் புரட்டி
இது உனக்கு, இது அவருக்கு என்று தள்ளிவைத்தாள்.
அட்டவணை அட்டவணைக்கு. எக்ஸ்ரே படத்துக்கு.
பாட்டுகளை மட்டும் சீரோவின் பிளேயருக்கே விட்டாள்.
நியாயம் என்று வந்தால் அதுவும்தானே.

ஒன்று மட்டும் மிஞ்சியது.
முகமில்லாத வெள்ளைத்தாள். பெயர்: ஏப்ரல்.
புள்ளியுமில்லை, வாலுமில்லை.
பதினோரு வருடப் பழசு.
"அழித்துவிடு" என்றான் அன்செல்மோ.
எதைக் கொண்டு திறப்பது என்றது கணினி,
கீழே ஒரு சின்னக் கட்டம்: எப்போதும்.
அதை அவள் தொடவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று நோட்பேடில் திறந்தாள்.

கொட்டியது குப்பை.
கட்டங்கள், முறுக்கிய கொம்புகள்,
வைரத்துக்குள் சிக்கிய கேள்விக்குறிகள்.
ஆனால் முதல் வரியில்,
சந்தைக் கூட்டத்தில் தெரிந்த முகம் மாதிரி,
ஆங்கிலத்தில் நாலெழுத்து: அலை.
உரக்கப் படித்தாள்.
தன் சொத்தோ என்று அன்செல்மோ எழுந்து வந்தான்.
"கடல் இல்லையப்பா, ஒலிக்கோப்பு"
தலையணியைக் கழற்றாமலே சொன்னான் சீரோ.

தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும்.
அங்கே தலைகீழ்.
ஏப்ரலுக்குப் பின்னால் அவள் ஒரு புள்ளி வைத்து
மூன்றெழுத்தைச் சேர்த்ததும்
வெள்ளைத்தாள் ஆரஞ்சு பூசிக்கொண்டது.

தடால்.
ஒரு இடைவெளி. தடால். தட தட தடால்.
பிறகு, இன்னும் தொப்பை போடாத அன்செல்மோவின் குரல்:
"கேட்டீர்களா தோன் ஃபெர்மீன், இந்தத் தகரத்தைத்தான் சொன்னேன்."
வீட்டுக்காரருக்கு அனுப்ப எடுத்த சாட்சி.
அனுப்பினானா என்று நெலிடா கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

நாற்பது நொடி.
கோடு கடைசிவரை ஓடி நின்றது.
சத்தம் நிற்கவில்லை.
சீரோ தலையணியைக் கழற்றினான்.
மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"காற்று கொஞ்சம் குறையட்டும்" என்றான் அன்செல்மோ.